பிள்ளை மடுவத்தில் இரண்டு குட்டிகள்

"ஒங்க மக என்னா வேல செய்யுது?" என்று யாராவது கேட்டால் போதும், என் அம்மா கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். "கவர்மெண்ட்டுல. காட்டுல உள்ள மிருகத்துக்கெல்லாம் அதுதான் பொறுப்பு" என்பார். சப்ரகமுவ மாகாணத்தில் உள்ள சிறுத்தையும் மரையும் மரநாயும் தினம் காலையில் என்னிடம் பேர் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகின்றன என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை. அம்மா அத்தனை வருஷம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர், இந்தப் பெருமையையாவது அவர் இஷ்டம்போல அனுபவிக்கட்டும்.

உண்மையில் நான் வனவிலங்குத் திணைக்களத்தில் உயிரியலாளர். எந்த மிருகம் எங்கே குட்டி போடுகிறது, எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கிறது, எந்த மேட்டைச் சுத்தம் செய்தால் அது ஊருக்குள் இறங்கும் என்று பார்ப்பது என் வேலை. பார்த்த பிறகு, அந்த இடத்தை அப்படியே விட்டுவிடும்படி ஆட்களிடம் கெஞ்ச வேண்டும். கெஞ்சி ஆகாவிட்டால் சண்டை போட வேண்டும். எனக்கு இரண்டாவது நன்றாக வரும். காட்டுக்குள் நடக்கிற நேரத்தைவிட தோட்டத்து ஒபீஸ்களின் வாசலில் நிற்கிற நேரம்தான் அதிகம்.

நான் பிறந்தது நிவித்திகல பக்கத்துத் தோட்டமொன்றில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில், ஒற்றைக் காம்பராவில். அங்கிருந்து படித்து இந்தச் சீருடைக்கு வந்தவள் என்ற கர்வம் எனக்கு நிறைய உண்டு. அடக்கமாக இருக்கச் சொல்லிப் பலர் பார்த்துவிட்டார்கள். இப்போது சொல்லப் போகிற சம்பவத்துக்குப் பிறகு அந்தக் கர்வம் இன்னும் கூடிவிட்டது. ஆனால் இதில் என் பங்கு பாதிதான். மீதி ஒரு தோட்டத்துப் பெண்களுடையது.

அந்தத் தோட்டமும் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து மலைதான். மேல் எல்லையில் காடு. காட்டிலிருந்து ஒரு ஓடை தேயிலைக்கு நடுவே இறங்கி வரும். அந்த ஓடையின் இரண்டு கரையிலும் புதரை வெட்டாமல் ஒரு பட்டையாக விட்டுவையுங்கள், மிருகங்கள் அதற்குள்ளேயே போய் வரட்டும், ஆட்கள் நடக்கிற பாதைக்கு வராது என்று தோட்டத்தை நடத்துகிற துரையிடம் நான் நடையாய் நடந்து சம்மதம் வாங்கியிருந்தேன். துரை சிங்களவர், சின்ன வயது, மரியாதையான மனிதர். அரை மனதோடுதான் ஒத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் அந்தத் தோட்டத்து ஒபீசிலிருந்து அழைப்பு. கொழுந்து எடுக்கப் போன பெண்கள் மலையில் இரண்டு புலிக்குட்டிகளைக் கண்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தோட்டத்தில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார்கள். எனக்கு முதலில் தாயின் நினைவுதான் வந்தது. பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கில் தாய் மாட்டிச் செத்திருந்தால் குட்டிகளுக்குக் கூண்டைத் தவிர வேறு கதியில்லை. கையால் வளர்த்த சிறுத்தைக்கு வேட்டை வராது, மனிதர் மேல் பயமும் இருக்காது. அதைக் காட்டில் விட முடியாது. சாகும்வரை கம்பிக்குப் பின்னால்தான்.

எங்கள் ஜீப் சாரதி நடுத்தர வயதுச் சிங்களவர். எதைப் பேசினாலும் "அனே மிஸ்", அதாவது ஐயோ மிஸ், என்று பெருமூச்சோடுதான் தொடங்குவார். அன்றைக்கு வழியெல்லாம் அனே மிஸ்தான். குட்டிகளுக்குப் பால் போத்தல் வாங்குவோமா என்று இரண்டு கடையில் நிறுத்தப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன்.

குட்டிகள் ஒபீசில் இருக்கும் என்று நினைத்துப் போனால், கணக்கப்பிள்ளை கையைப் பிள்ளை மடுவத்தின் பக்கம் காட்டினார். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. வாசலில் முதுகில் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்கும் கட்டியபடியே பெண்கள் கூட்டமாக நின்றார்கள். சில இளந்தாரிகள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போன்களை உள்ளே வைக்கச் சொல்லி, வேலைப் பழக்கத்தில் சிங்களத்தில் ஒரு சத்தம் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன்.

உள்ளே சேலைத் தொட்டில் ஒன்றில் இரண்டு சிறுத்தைக் குட்டிகள் படுத்திருந்தன. கண் இப்போதுதான் திறந்திருந்தது. மேலெல்லாம் மஞ்சள். நெற்றியில் திருநீறு. கன்னத்தில் காசளவுக்கு மையில் ஒரு திருஷ்டிப் பொட்டு. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளியோடு பிறந்த ஒன்றுக்கு மேலும் ஒரு புள்ளி. எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது.

பின்னால் பெண்கள் என்னைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். சிங்களத்தில் அதட்டியதைக் கேட்டு என்னைச் சிங்கள நோனா, பெரிய இடத்து அம்மா என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"நோனாவோட பூட்ஸப் பாரு. புலி வந்தா மொதல்ல ஓடுறது இவதான்."

"இவ ஏன் ஓடுறா? வாசல்லயே ஜீப்பு நிக்கிது."

நான் திரும்பிப் பார்க்காமலே, "அது ஸ்டார்ட் ஆக நேரமாகும்க்கா. ஓடுறதுதான் லேசு" என்றேன்.

முதலில் ஒருத்தி சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், யார் மகள் என்று விசாரணை நடந்தது. என் அம்மாவைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு நான் நோனா இல்லை, தங்கச்சி ஆகிவிட்டேன்.

மடுவத்துக்குப் பொறுப்பான ஆயம்மாதான் குட்டிகளுக்கு அலங்காரம் செய்தவர். வாட்டசாட்டமான பெண், இடுப்பில் சாவியைச் செருகியிருப்பார். தோட்டத்தில் பாதிப் பேர் அவர் ஆட்டிய தொட்டிலில் தூங்கியவர்கள். நான் என்ன ஆயம்மா இது என்று கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

"மடுவத்துக்கு மொத நாள் வாற புள்ளைக்கு என்னா செய்வோமோ அதத்தாங்க செஞ்சேன். மஞ்சத் தண்ணியில தொடச்சி, துன்னூறு பூசி, கண்ணு படாம பொட்டு வச்சேன். பால் மட்டும் குடுக்கல. குடுக்கலாமான்னு தெரியல."

பால் கொடுக்காததற்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. குட்டிக்கு ஒவ்வாத பாலைக் கொடுத்து வயிறு போய்ச் சாவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மஞ்சள் எனக்குப் பிடிக்கவே இல்லை. தாய்ச் சிறுத்தை குட்டியை மூக்கால்தான் அடையாளம் காணும். இவை இரண்டும் மாரியம்மன் கோயில் வாசம் அடித்தன.

குட்டிகளை முதலில் கண்டவள் இருபது இருபத்திரண்டு வயதுப் பெண். அவளுடைய கைக்குழந்தை அதே மடுவத்தில் பக்கத்துத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொருத்தியும் அவளுமாகத்தான் குட்டிகளைக் கொழுந்துக் கூடையில் போட்டுத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

"ஓடப் பக்கத்துல, கல்லுக்கு அடியில பழைய தேயில மரம் ஒன்னு அடர்ந்து கெடக்குங்கக்கா. அதுக்குள்ள பூனக்குட்டியாட்டம் கத்துச்சி. தாயக் காணோம். விட்டுட்டு ஓடிருச்சின்னு நெனச்சேன். நாய் தூக்கிட்டுப் போயிருமேன்னுதான் எடுத்தேன்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிடுவாள் போலிருந்தது.

அந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். அவளும் நானும் சாரதியுமாக ஏறினோம். குட்டிகளை எடுத்தவுடனே பயத்தில் எல்லாப் பெண்களும் இறங்கி வந்துவிட்டதால் மலையில் ஆளில்லை. தேயிலை வரிசைகளுக்கு நடுவே மழைத் தண்ணீர் ஓடுகிற கான் ஒன்று வெட்டியிருந்தார்கள். முந்திய நாள் மழையில் அதன் மண் குழைந்திருந்தது. அதில் ரப்பர் செருப்பின் அச்சு, கீழே இறங்குகிற பக்கமாக.

"இது என் செருப்புங்க. குட்டியத் தூக்கிட்டு இதாலதான் எறங்குனேன்" என்றாள் அவள்.

அந்தச் செருப்பு அச்சின் மேல் இன்னொரு அச்சு இருந்தது. நாலு விரல், ஒரு உள்ளங்கால், நகம் பதியவில்லை, நாயாக இருந்தால் பதிந்திருக்கும். நான் குந்தி உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் கீழே இன்னொன்று, அதுவும் செருப்பு அச்சின் மேலேயே. பிறகு கல் வந்ததும் தடம் நின்றுவிட்டது. மேலே திரும்பிப் புதருக்குள் போயிருக்க வேண்டும்.

என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தாய் உயிரோடு இருந்தது. குட்டிகளை எடுத்த பிறகு வந்திருந்தது. தூக்கிக்கொண்டு போனவளின் வழியிலேயே கீழே இறங்கிப் பார்த்திருந்தது.

"அப்ப தேடுதுங்களா?" என்று கேட்டாள் அவள்.

"தேடுது."

அவள் வழியெல்லாம் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டு இறங்கினாள்.

மடுவத்து வாசலில் நின்று என் மேலதிகாரிக்கு அழைத்தேன். நல்ல மனிதர், அனுபவசாலி. குட்டிகளைப் பெட்டியில் வைத்து உடனே கொண்டு வா, மிருக வைத்தியர் தயாராக இருக்கிறார் என்றார். நான் தடத்தைப் பற்றிச் சொன்னேன். இன்று அந்திக்குள் எடுத்த இடத்திலேயே வைத்தால் தாய் வந்து எடுத்துக்கொள்ளும் என்றேன். அவர் கேட்ட கேள்விகளெல்லாம் நியாயமானவை. மழை வந்தால்? நாய் வந்தால்? மனித வாசம் பிடிக்காமல் தாய் விட்டுப் போனால்? இங்கே கொண்டு வந்தால் உயிராவது நிச்சயம் என்றார்.

"உயிர் நிச்சயம்தான் சேர். கூண்டும் நிச்சயம்" என்றேன்.

"செத்துப் போனால் யார் பதில் சொல்வது?"

"நான்."

நாளைக் காலையில் எனக்கு முதல் அழைப்பு உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னார். அது எனக்குப் பெரிய விஷயம்.

மேலதிகாரியைச் சமாளித்தது லேசு. வாசலில் நின்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னதும்தான் உண்மையான சண்டை தொடங்கியது. துரையும் வந்திருந்தார். அவர் குரல் உயர்த்தவில்லை, ஆனால் முகம் இறுகியிருந்தது. "மிஸ், உங்கள் புதர்ப் பட்டையால்தான் அது இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறது. இப்போது குட்டியையும் திருப்பி வைக்கப் போகிறீர்கள். எங்கள் ஆள் ஒருவருக்கு ஏதாவது ஆனால் நாளைக்கே நான் அந்தப் புதரை வெட்டித் தள்ளுவேன்" என்றார். அவர் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் தமிழில் தொடங்கிவிட்டார்கள்.

"நல்லா இருக்கு தங்கச்சி ஒங்க நியாயம். புலிக்குட்டியக் கொண்டுக்கிட்டுப் போவீங்கன்னு பாத்தா, திருப்பி எங்க மலையிலயே விடுறேங்கிறீங்க."

"நாளைக்கு அந்த மலைக்கு நீங்க வந்து கொழுந்து எடுப்பீங்களா?"

"எடுப்பேன், கூடயக் குடுங்க" என்று நான் எரிந்து விழுந்தேன். வாய் கொஞ்சம் நீளம்தான் எனக்கு. ஆனால் அவர்கள் பயத்தில் பேசுகிறார்கள் என்பது தெரிந்தது. லயங்கள் அந்த மலைக்கு நேர் கீழேதான் இருந்தன. மடுவமும் அங்கேதான்.

அப்போது உள்ளே ஒரு குழந்தை அழுதது. கூட்டத்துக்குள்ளிருந்து அதன் தாய் விலகி உள்ளே ஓடினாள். மலையில் நிற்கும்போதும் இப்படித்தான், பால் கொடுக்கிற நேரம் வந்தால் கூடையை இறக்கி வைத்துவிட்டு மடுவத்துக்கு ஓடி வருவார்கள். என் அம்மாவும் அப்படி ஓடி வந்தவர்தான். எனக்குச் சொல்ல வேண்டியது அங்கேயே கிடைத்தது.

"அக்கா, ஒங்க புள்ளைய எங்க விட்டுட்டு மலைக்குப் போறீங்க?" என்று முன்னால் நின்றவரிடம் கேட்டேன்.

"மடுவத்துலதான்."

"விட்டுட்டு ஓடிட்டீங்கன்னு யாராவது சொன்னா?"

"வாயக் கிழிச்சிர மாட்டேன்?"

"அதுவும் ஓடல. பால் குடுத்துட்டு, புள்ள ரெண்டையும் அந்தத் தேயில மரத்தடியில படுக்க வச்சிட்டு வேலைக்குப் போயிருக்கு. அதுக்கு அதுதான் மடுவம். திரும்பி வந்து பாத்தா புள்ளைகளக் காணோம். நீங்களா இருந்தா என்னா செய்வீங்க?"

குட்டிகளை எடுத்து வந்த பெண்தான் பேசினாள். "அது தேடி எறங்குது. என் செருப்பு அச்சு மேலயே மிதிச்சிருக்கு. நான் கண்ணால பாத்தேன். புள்ள அங்க இருந்தா அது அங்கயே நின்னுக்கும். இங்க இருந்தா இங்கதான் வரும்" என்றாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டே, "எடுத்தது நான். திருப்பி வைக்கவும் நானே வாறேன்" என்றாள்.

அதற்கப்புறம் எதிர்ப்பு அடங்கியது. துரைக்கு நான் சிங்களத்தில் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. பெண்களே சொல்லிவிட்டார்கள், நாலு பேர் ஒரே நேரத்தில். அவர் என்னைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். அந்த மலையை விட்டுவிட்டு மறுநாள் வேறு மலையில் கொழுந்து எடுக்கலாம் என்றார். தாய் வராவிட்டால் புதர் போய்விடும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

பிறகு வாசத்தைப் போக்குகிற வேலை. குளிப்பாட்ட முடியாது, குட்டிகள் குளிரில் விறைத்துவிடும். அதிலும் ஒன்று ஏற்கெனவே சோர்ந்து கிடந்தது. அந்தத் தேயிலை மரத்தடியில் தாய் படுத்த இடத்துச் சருகையும் மண்ணையும் நான் முதல் தரம் ஏறியபோதே ஒரு படங்கில் அள்ளி வந்திருந்தேன். அதை விரித்து, குட்டிகளை அதில் போட்டு, ஆயம்மாவும் நானும் அந்தச் சருகாலேயே தேய்த்தோம். கழுத்தில், வயிற்றில், காதுக்குப் பின்னால். மஞ்சள் பாதிதான் போனது. திருநீறு முழுவதும் போனது. திருஷ்டிப் பொட்டில் கையை வைத்தபோது ஆயம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அத மட்டும் அழிக்காதீங்கம்மா. இன்னைக்கு அதுகள எத்தன கண்ணு பாத்துருச்சி."

கண்ணூறில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் அம்மா எனக்குப் பரீட்சை நாளில் வைத்துவிட்ட பொட்டுகளை நான் பஸ்ஸில் ஏறியதும் அழித்திருக்கிறேன். ஆனாலும் அன்று என் கை நின்றுவிட்டது. சரி, இருக்கட்டும் என்றேன்.

அந்திக்கு முன்னால் குட்டிகளை அதே கூடையில் தூக்கிக்கொண்டு ஏறினோம். எடுத்தவளே முன்னால் போனாள். கல்லுக்கு அடியில், மரத்தடியில், சருகோடு சேர்த்து வைத்தோம். ஒன்று கத்தியது. அது நல்லது, தாய்க்குக் கேட்க வேண்டும். மற்றது, சோர்ந்த குட்டி, கத்தவில்லை. அதன் மேல் கொஞ்சம் அதிகமாகச் சருகை மூடினேன். எதிரே ஒரு மரத்தில், அசைவு தெரிந்தால் தானாகப் படம் பிடிக்கிற கேமராவைக் கட்டினேன். பட்டி இரண்டு தரம் நழுவியது. சாரதி அதைப் பார்த்துவிட்டு, தானே வந்து இழுத்து இறுக்கினார்.

கீழே இறங்கும்போது, லயத்து நாய்களைக் கட்டிப்போடச் சொல்ல வேண்டுமே, யார் கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வந்து பார்த்தால் நாய்கள் எல்லாம் கட்டியாகிவிட்டது. கட்டக் கயிறு இல்லாதவர்கள் காம்பராவுக்குள் போட்டுப் பூட்டியிருந்தார்கள். பிள்ளைகளை வெளியே விடவில்லை. எல்லாவற்றையும் விட எனக்கு நம்ப முடியாதது கோயில் ஸ்பீக்கர். தோட்டத்துக் கோயில் ஸ்பீக்கரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது மழைக்கும் நிற்காது, பரீட்சைக்கும் நிற்காது. என் படிப்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் நடந்தது. அன்று அந்தியில் அந்த ஸ்பீக்கர் பாடவில்லை. குருக்கள் மணியைக்கூட ஆட்டாமல் தீபம் காட்டினாராம். மடுவத்து வாசலில் நின்று, சத்தமில்லாத அந்தத் தோட்டத்தைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் இவர்கள். இவர்களில் ஒருத்தி நான் என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்து போனது.

நாங்கள் ஜீப்பில் ஏறும்போது மழை பிடித்தது. அதுவும் சாதாரண மழையில்லை, எங்கள் பக்கத்து மழை. அன்றிரவு நான் தூங்கினேன் என்று சொன்னால் அது பொய். என் அம்மா ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அதுவும் ஆறிப் போனது.

விடிந்ததும் போனோம். மழை விட்டிருந்தது. மடுவத்து வாசலில் முந்திய நாள் கூட்டத்தில் பாதி ஏற்கெனவே நின்றது. யாரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானும் சாரதியும் மட்டும் மெதுவாக, பேசிக்கொண்டே ஏறினோம். ஆள் வருவது தெரிந்தால் சிறுத்தை தானாக விலகிப் போகும். மரத்தடியைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். சருகு கலைந்து கிடந்தது. குட்டிகள் இல்லை.

இல்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. தாயும் எடுத்திருக்கலாம், வேறு ஏதாவதும் எடுத்திருக்கலாம். சாரதி "அனே மிஸ்" என்று தொடங்கினார். பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். கேமராவைக் கழற்றி அங்கேயே படங்களைப் பார்த்திருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். என்ன இருந்தாலும் அவர்களோடு சேர்ந்தே பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

மடுவத்து வாசற்படியில் உட்கார்ந்து கேமராவின் சின்னத் திரையைத் திறந்தேன். என் தோளுக்கு மேல் எத்தனை தலை என்று தெரியவில்லை. குட்டிகளைக் கண்டவள் என் பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு. துரையும் வந்து ஓரமாக நின்றார்.

முதலில் சும்மா இலை அசைகிற படங்கள். பிறகு இருட்டும் நேரத்தில், கல்லின் மேல் இரண்டு கண்கள். அடுத்ததில் அது மரத்தடியில். அடுத்ததில் ஒரு குட்டியை நக்குகிறது. நக்கிக்கொண்டே இருக்கிறது, படம் படமாக. "மஞ்சளக் கழுவுது" என்று யாரோ சொன்னார்கள். பிறகு அந்தக் குட்டியின் கழுத்தை வாயில் கவ்வியபடி போய்விட்டது.

அதன் பிறகு மழை. திரை முழுவதும் மழைக் கோடு. மரத்தடியில் சருகுக் குவியல் மட்டும். அதற்குள்தான் அந்தச் சோர்ந்த குட்டி இருந்தது. படத்தைத் தள்ளத் தள்ள மழைதான் வந்தது. தாய் இல்லை. பக்கத்தில் இருந்தவள் என் தோளைப் பிடித்திருந்தாள், நகம் பதிகிற அளவுக்கு.

கடைசியில் வெளிச்சம் வந்த படம். மழை நின்று விடிந்துவிட்டது, அதனால் படத்தில் நிறம் தெரிந்தது. தாய் நனைந்துபோய் நின்றது. வாயில் குட்டி. குட்டியின் நாலு காலும் சுருண்டிருந்தன, உயிருள்ள குட்டியைக் கவ்வித் தூக்கினால் அப்படித்தான் சுருட்டிக்கொள்ளும். கழுத்தோரத்தில் இன்னும் மஞ்சள். கன்னத்தில் ஆயம்மா வைத்த பொட்டு அப்படியே.

என் பக்கத்தில் இருந்தவள் தன் குழந்தையின் உச்சியில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். துரை அந்தப் படத்தை இன்னொரு தரம் காட்டச் சொன்னார். காட்டினேன். "புதர் இருக்கட்டும் மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒபீஸ் பக்கம் நடந்தார். அந்தப் பட்டை இன்றைக்கும் இருக்கிறது. அந்த மலைக்கு ஏறும்போது பெண்கள் இப்போது கீழேயிருந்தே சத்தமாகப் பேசிக்கொண்டு போகிறார்கள், சிறுத்தைக்கு விலகிக்கொள்ள நேரம் கொடுப்பதற்காக. அன்று காலை முதல் அழைப்பில் மேலதிகாரியிடம் நான் சொன்னது, "சேர், ரெண்டும் போயிருச்சு, தாயோட" என்பதுதான். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் சிங்களத்துக்கு மாறவேண்டும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

ஆயம்மா மட்டும் பின்னால் நின்றிருந்தார். கூட்டம் விலகியதும் என்னிடம் வந்தார்.

"ரெண்டையும் கூட்டிக்கிட்டுப் போயிருச்சிங்களா? நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டையும்தான் ஆயம்மா. பாருங்க, பொட்டோட."

அவர் திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"நேத்து மடுவத்தப் பூட்டலீங்க. கடைசிப் புள்ளையத் தாய் வந்து தூக்காம நான் ஒருநாளும் பூட்டுனதில்ல" என்றார்.

போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். சாவியைத் திருப்பிப் பூட்டினார், ஒருமுறை இழுத்தும் பார்த்தார். உடனே மறுபடி திறந்தார், ஏனென்றால் அன்றைய முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் படியேறி வந்துகொண்டிருந்தாள்.